இரவு விமானத்தில் கைக்குழந்தை

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பெரும்பகுதி ஊர் உறங்கும் நேரத்தில் கிளம்புகிறது. சிங்கப்பூர் விமானம் ஒன்று இரவு பதினொரு மணியை ஒட்டிப் புறப்படும். பிராங்ஃபர்ட் விமானம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு மணிக்கு. துபாய், தோஹா வழியாக மேற்கே போகிறவை அதிகாலை நான்கு மணி வாக்கில். மூன்று மணி நேரம் முன்பே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதால், வீட்டுப் படியிறங்கும்போதே குழந்தையின் முதல் தூக்கம் கலைந்துபோகிறது. இந்த நேரத்தில் இவ்வளவு சிறிய பிள்ளையை அழைத்துப் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி, பக்கத்து இருக்கைப் பயணியின் முணுமுணுப்பாகவும் எழுகிறது, வீட்டுப் பெரியவர்களின் கவலையாகவும் எழுகிறது. முன்னது அடுத்தவர் தூக்கத்தைப் பற்றியது, பின்னது குழந்தையின் நலத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் அழுகைச் சத்தத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. அழுகையால் குழந்தைக்கு ஆபத்தில்லை. மருத்துவப் பதிவுகள் கவலைப்படுவது, சத்தமில்லாமல் மடியில் உறங்கும் குழந்தையைப் பற்றி.

இரவுப் புறப்பாடு பயணிகள் விரும்பிக் கேட்டு வந்ததில்லை. பிராங்ஃபர்ட் நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை திட்டமிட்ட விமானங்களுக்கு 2011 முதல் தடை இருக்கிறது. சுற்றுவட்டார மக்கள் ஓசைத் தொல்லைக்கு எதிராக நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவு அது. 2012-இல் லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே காலையில் கிளம்பும் விமானம் நள்ளிரவுக்குச் சற்று முன்னோ பின்னோ சென்னை சேரும். உடனே திரும்பினால் தடை விலகிய பின், அமெரிக்காவுக்குப் போகும் முற்பகல் விமானங்களுக்கு முன்பாக, பிராங்ஃபர்ட்டில் இறங்கலாம். வளைகுடா நிலையங்களின் கணக்கு வேறு: காலையில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அணியணியாகக் கிளம்பும் விமானங்களுக்குப் பயணிகளைச் சேர்க்க, தெற்காசிய நகரங்களிலிருந்து விடியலுக்கு முன்பே விமானங்கள் வந்து சேர வேண்டும். பிராங்ஃபர்ட் வாசிகள் நிம்மதியாக உறங்குவதற்காக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிள்ளைகள் விழித்திருக்கின்றன என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அட்டவணையைப் பார்த்தால் அதில் பாதி உண்மை. ஆகவே பல தடங்களில் பெற்றோருக்குப் பகல் விமானம் என்ற தெரிவே இருப்பதில்லை. ‘சிறு குழந்தையை இரவில் ஏற்றலாமா’ என்பது அவர்களைப் பொறுத்தவரை ‘பயணமே செய்யலாமா’ என்பதாகிவிடுகிறது.

சிறு குழந்தை என்பதை விமான நிறுவனங்கள் இரண்டு வயதால் வரையறுக்கின்றன. இரண்டாம் பிறந்தநாள் வரை பெரியவர் மடியில் அமர்ந்து போகலாம். பன்னாட்டுத் தடங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதன் பிறகு தனி இருக்கை கட்டாயம். பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிறைந்தால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியாக வேண்டும். இந்த எல்லைக்கு உடலியல் அடிப்படை எதுவும் கிடையாது. இருபத்துமூன்று மாதப் பிள்ளைக்கும் இருபத்தைந்து மாதப் பிள்ளைக்கும் எடையிலோ எலும்பின் உறுதியிலோ பெரிய வேறுபாடு இல்லை. கட்டண வழக்கம் விதியாக உறைந்துபோனது, அவ்வளவுதான். ஆனால் குடும்பங்களின் திட்டத்தை இந்த வழக்கமே தீர்மானிக்கிறது. ‘ரெண்டு வயசு முடியறதுக்குள்ள ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்’ என்ற கணக்கு, மடிக்குழந்தைப் பருவத்திலேயே நெடும்பயணங்களைக் குவித்துவிடுகிறது.

விமானத்தில் குழந்தையின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காற்றிலிருந்து தொடங்கலாம். பயணிகள் விமானம் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளறையின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. ஊட்டியின் உயரத்தைவிட இது கொஞ்சம் அதிகம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அழுத்தம் சுமார் 6,000 அடிக்குரியதாக வைக்கப்படுகிறது. 8,000 அடி நிலையில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். இயல்பான அளவு 21 விழுக்காடு. ஆரோக்கியமான பெரியவருக்கு இரத்த ஆக்சிஜன் சில புள்ளிகள் குறையும். அவருக்கு அது தெரியவும் தெரியாது. கைக்குழந்தையின் நிலை சற்று வேறு. மூச்சுக்குழல்கள் குறுகலானவை, மார்புக்கூடு இளகியது, எடைக்கு ஒப்பிட்டால் ஆக்சிஜன் தேவை அதிகம். ஆக்சிஜன் குறையும்போது வேகமாக மூச்சுவிட வேண்டும் என்ற எதிர்வினையும் முதல் மாதங்களில் முழுமையாக முதிர்ந்திருக்காது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1998-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. சராசரியாக மூன்று மாத வயதுள்ள 34 ஆரோக்கியமான குழந்தைகள் உறங்கும்போது 15 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட காற்றில் சில மணி நேரம் வைக்கப்பட்டன. இரத்த ஆக்சிஜன் 97.6 விழுக்காட்டிலிருந்து 92.8-க்கு இறங்கியது. பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாங்கிக்கொண்டன. ஆனால் நான்கு குழந்தைகளுக்கு 80 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே போய் ஒரு நிமிடமாவது அங்கேயே நின்றதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருந்தது. எந்தக் குழந்தைக்கு அப்படி இறங்கும் என்று முன்னதாகக் கணிக்க முடியவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது. கைக்குழந்தைகளை விமானத்தில் ஏற்றுவதே தவறு என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆண்டுதோறும் ஏராளமான கைக்குழந்தைகள் பறந்து நலமாக இறங்குகின்றன. அழுத்தம் குறைந்த அறையில் உறங்கும் பச்சிளங்குழந்தைக்கு வேறொரு தடை சேர்ந்துகொண்டால் — மூக்கடைப்பு, மூடிய முகம், மடங்கிய கழுத்து — சமாளிக்க அதனிடம் கையிருப்பு குறைவு என்பதைத்தான் அது காட்டுகிறது.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் விமானப் பயணம் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தையானாலும் ஒரு வாரம் பொறுக்குமாறு பிரிட்டனின் மார்பு நோய் மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. விமான நிறுவனங்களின் வரம்பு சில நாட்களில் தொடங்கி இரண்டு வாரம் வரை நீள்கிறது. குறைமாதத்தில் பிறந்தவை, நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவை, பிறவி இதயக் கோளாறு உள்ளவை ஆகியவற்றுக்கு இந்தப் பொது வரம்புகள் பொருந்தா. அவற்றுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றில் முன்சோதனையும் சிறப்பு மருத்துவரின் ஒப்புதலும் தேவை.

இதுவரை சொன்ன எதற்கும் இரவு பகல் கிடையாது. நண்பகல் விமானத்திலும் காற்று அதேதான். வேறுபாடு தொடங்குவது, விளக்குகள் அணைந்த பிறகு எல்லாரும் உறங்கும்போது.

விமானத்தில் நேரும் மருத்துவ அவசரங்களுக்குத் தரையிலிருந்து ஆலோசனை வழங்கும் ஒரு மையத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியானது. 2010 ஜனவரி முதல் 2013 ஜூன் வரை குழந்தைகள் தொடர்பாகப் பதிவானவை 7,573 நிகழ்வுகள். அவற்றில் இறப்பில் முடிந்தவை பத்து. மிக அரிது என்று சொல்லி அப்பால் போய்விடலாம். ஆனால் அந்தப் பத்தின் உள்ளமைப்பு போகவிடுவதில்லை. பத்தில் ஒன்பது குழந்தைகள் இரண்டு வயதுக்குட்பட்டவை. நடு வயது மூன்றரை மாதம். ஆறு குழந்தைகளுக்கு முன்பு எந்த நோயும் இருந்ததில்லை. அந்த ஆறில் ஐந்து, இதயத் துடிப்பு நின்ற நிலையில்தான் கவனிக்கப்பட்டன. அந்த ஐந்திலும் நான்கு மடிக்குழந்தைகள். பார்த்தபோது குழந்தை அசைவற்றிருந்தது. ஆய்வாளர்கள் இதை, உறக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் தொட்டில் மரணத்தின் சாயலோடு ஒப்பிட்டு, மடியில் உறங்கும் ஏற்பாட்டையே ஐயத்துக்குரியதாகச் சுட்டினர்.

குழந்தைகள் எங்கே உறங்கும்போது இறக்கின்றன என்பதைப் பற்றித் தரையில் நடந்த ஆய்வுகள் இதற்கு விளக்கம் தருகின்றன. அமெரிக்காவின் 24 மாநிலங்களில் 2004 முதல் 2012 வரை உறக்கத்தில் நேர்ந்த 7,934 கைக்குழந்தை இறப்புகளில் 1,024 சோபாவில் நேர்ந்தவை. குழந்தைகள் சோபாவில் உறங்கும் நேரம் மிகக் குறைவு என்பதை நினைத்தால் இது பெரிய எண்ணிக்கை. காரணம் எளியது. சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் யாரும் குழந்தையைத் திட்டமிட்டு உறங்கவைப்பதில்லை. பாலூட்டும் தாயோ தோளில் போட்டிருக்கும் தந்தையோ அசதியில் கண்ணயர்கிறார். பிடி தளர்கிறது. குழந்தை சரிந்து, முகம் பெரியவரின் உடலிலோ மெத்தையிலோ அழுந்துகிறது, அல்லது தாடை நெஞ்சில் மடிந்து மூச்சுக்குழல் நெரிகிறது. சிக்கன வகுப்பு இருக்கை இந்த நிலைமைகளை எல்லாம் இன்னும் நெருக்கமாக்கித் தருகிறது. குறுகிய இடம், இருபுறமும் கைப்பிடி, குளிருக்குப் போர்த்திய போர்வை, குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தாலும் தெரியாத இருட்டு, அதன் மூச்சொலியை விழுங்கிவிடும் எஞ்சின் இரைச்சல். பணியாளர்களும் உறங்குபவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று மெல்ல நடந்து கடந்துவிடுகிறார்கள்.

தாயருகே குழந்தை படுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். அதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். தரையில் விரித்த பாயில், சமதளத்தில், மல்லாந்து கிடக்கும் குழந்தையும், அரைச் சாய்வான இருக்கையில் இரண்டு கைகளின் பிடியை மட்டும் நம்பிக் கிடக்கும் குழந்தையும் ஒரே நிலையில் இல்லை. பாயில் தாய் உறங்கிவிட்டால் குழந்தை இருந்த இடத்தில் இருக்கும். இருக்கையில் தாய் உறங்கிவிட்டால் குழந்தை கிடக்கும் நிலையே மாறிவிடும்.

அந்த நடு வயதான மூன்றரை மாதத்தைத் தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் வாழும் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு வருவதும், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கழித்துக் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கிடைத்ததும் கணவன் இருக்கும் ஊருக்குத் திரும்புவதும் பரவலான நடைமுறை. கணவனுக்கு விடுமுறை கிடைக்காது; பாட்டிக்கு விசா வராது; தாய் தனியாகவே கிளம்புகிறார். பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் ஒழுங்காக உறங்காத உடம்பு, முந்தின நாள் முழுக்க மூட்டை கட்டிய அலுப்பு, நள்ளிரவுப் புறப்பாடு, மடியில் குழந்தை. இரவு விமானத்தைப் பற்றிய எந்த எச்சரிக்கையும் முதலில் போய்ச் சேர வேண்டியது இவருக்கே. ஆனால் புறப்படும் வேளையில் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் குழந்தையை அழவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதாகவே இருக்கிறது.

நெடுந்தூர விமானங்களில் தடுப்புச்சுவரை ஒட்டிய முதல் வரிசையில் மாட்டித் தரும் தொட்டில், அதாவது பாசினெட், இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. சமதளம், தனி இடம், பெரியவர் கண் எதிரே. எண்ணிக்கை குறைவு என்பதால் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டாலும் பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். இதில் இரண்டு குறைகள். காற்றுக் கொந்தளிப்பு வந்து சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையைத் தூக்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். சிரமப்பட்டு உறங்கவைத்த குழந்தை ஓர் இரவில் மூன்று நான்கு முறை எழுப்பப்படலாம். மற்றொன்று நம் பக்கத்துக்கே உரியது: தூளியில் ஆடி உறங்கிப் பழகிய குழந்தை அசையாத தட்டையான தொட்டிலில் கண்மூட மறுக்கும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தரையில் படுத்துறங்கப் பழக்கிவிடுவது இதற்கு உதவும். பாசினெட் இல்லாத விமானத்தில், வசதியுள்ளவர்கள் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு ஏற்பளிக்கப்பட்ட கார் இருக்கையில் குழந்தையை வார் போட்டு உட்காரவைக்கலாம். எதுவும் இல்லையென்றால் எஞ்சியிருப்பது ஒரே வழி: குழந்தை மடியில் உறங்கும் நேரம் முழுவதும் அதை ஏந்தியிருப்பவர் விழித்திருப்பது. இரண்டு பெரியவர்கள் முறைவைத்து இதைச் செய்யலாம். தனியொருவரால் பத்து மணி நேரம் இயலாது. தனியாகப் போகும் தாய், பணியாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லி வைத்து, கண் அசத்தும் வேளையில் குழந்தையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ளக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மடியை விட்டுக் குழந்தையைத் தனி இருக்கைக்கு மாற்ற வேண்டும் என்ற வாதம் ஒரு விபத்திலிருந்து வலுப்பெற்றது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் 232-ஆம் எண் விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்து நொறுங்கியது. அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தன. அன்றைய நடைமுறைப்படி, போர்வைகளை வைத்துக் குழந்தைகளைத் தரையில் கிடத்தி இறுகப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்லப்பட்டது. மோதலின் வேகத்தில் அந்தப் பிடி நிற்கவில்லை; ஒரு குழந்தை இறந்தது. அந்த அறிவிப்பைச் செய்த தலைமைப் பணிப்பெண் பின்னர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழந்தை இருக்கைகளைக் கட்டாயமாக்கும் முயற்சியில் செலவிட்டார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990-இலேயே அதைப் பரிந்துரைத்தது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஏற்கவில்லை. 2005-இல் கட்டாயமாக்குவதில்லை என்று தெளிவாகவே அறிவித்தது.

அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு கவனிக்கத் தக்கது. தனி இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டுமென்றால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும். சாலை, விமானத்தைவிட ஆபத்தானது. ஆகவே விதி காப்பாற்றும் உயிர்களைவிட இழக்கும் உயிர்கள் கூடிவிடும். 2003-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, கட்டாய இருக்கை அமெரிக்காவில் ஆண்டுக்கு 0.4 உயிரைத்தான் காக்கும். குடும்பங்களில் 5 முதல் 10 விழுக்காடு சாலைக்கு மாறினாலே அந்த நன்மை கரைந்துவிடும். இது உள்நாட்டுப் பயணத்தை வைத்துப் போட்ட கணக்கு. சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட்டுக்கோ சிங்கப்பூருக்கோ காரில் போக முடியாது. நெடுந்தூர இரவுத் தடங்களில் சாலைக்கு மாறுதல் என்ற பேச்சே இல்லாதபோது, அந்தக் கணக்கைக் காட்டி மடிப் பயணத்தை நியாயப்படுத்துவது பொருந்தாது. அத்துடன், உறக்கத்தில் நேரும் இறப்புகள் அந்த மதிப்பீட்டில் வரவும் இல்லை; அது விபத்துகளை மட்டுமே எண்ணியது.

நொறுங்கும் விபத்து அரிது. கொந்தளிப்பு அவ்வளவு அரிதானதில்லை. 2024 மே 20 இரவு லண்டனிலிருந்து கிளம்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், ஏறக்குறைய பத்து மணி நேரம் பறந்தபின் மியன்மாருக்கு மேலே கொந்தளிப்பில் சிக்கியது. விமானத்தில் உணரப்பட்ட செங்குத்து விசை, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் புவியீர்ப்பின் 1.35 மடங்கிலிருந்து (1.35 ஜி) எதிர்த்திசையில் 1.5 ஜி-க்கு மாறியதாக விசாரணையின் தொடக்க அறிக்கை கூறியது. ஒரு பயணி இறந்தார். பாங்காக்கில் சிகிச்சை பெற்றவர்களில் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. எதிர்த்திசையில் 1.5 ஜி என்றால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைப் பதினைந்து கிலோ விசை கூரையை நோக்கி இழுக்கிறது என்று பொருள். விழித்திருக்கும் தாய்க்கே அரை நொடியில் அதை எதிர்கொள்வது கடினம். உறங்கும் தாய்க்கு வாய்ப்பே இல்லை. ஐரோப்பிய, இந்திய விமானங்களில் பெரியவரின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையைச் சுற்றிப் போடும் துணை வார் தரப்படுகிறது. மோதலின்போது பெரியவரின் உடல் முன்மடிந்து குழந்தையை நசுக்கக்கூடும் என்பதால் அமெரிக்கா அதை அனுமதிப்பதில்லை. கொந்தளிப்பில் மேலே வீசப்படாமல் காக்க அது உதவும் என்பதில் ஐயமில்லை. இரவு நேரத்தில் விளக்கு அணைந்திருந்தாலும் அதைக் கழற்றாமல் இருப்பது நல்லது.

காது வலி உயிருக்கு ஆபத்தானதில்லை என்றாலும் விமானத்தில் பிள்ளைகள் வீறிட்டு அழுவதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் ஊஸ்டேக்கியன் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருக்கும். விமானம் ஏறும்போது நடுக்காதிலுள்ள காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக அந்தக் குழல் திறக்க வேண்டும். விழுங்கும்போது அது திறக்கும். உறக்கத்தில் விழுங்குதல் வெகுவாகக் குறைந்துவிடும். இரவு முழுவதும் படுத்தி எடுத்த பிள்ளை விடியும் நேரத்தில்தான் ஆழ்ந்து உறங்கியிருக்கும். சரியாக அப்போதே விமானம் இறங்கத் தொடங்கும். உறங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்ற பொதுவிதி இந்த அரை மணி நேரத்துக்குச் செல்லாது. இறங்கத் தொடங்கியதும் மெல்ல எழுப்பி, நிமிர்த்தி வைத்துப் பால் கொடுப்பதும், பெரிய பிள்ளையென்றால் தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கவைப்பதும் வலியைத் தவிர்க்கும். சீட் பெல்ட் அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் தாமதம். அழுத்த மாற்றம் அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும். சளியோ காதுத் தொற்றோ உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் பயணம் வேண்டாம். செவிப்பறையில் வடிகுழாய் பொருத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வலியே வராது என்பது ஒரு விசித்திரம். காற்றுக்கு அங்கே வேறு வழி இருக்கிறது.

தூக்கத்தைப் பொறுத்தவரை, எல்லாச் சிறு குழந்தைகளும் ஒன்றுபோல் இல்லை. பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் இரவு பகல் ஒழுங்கே உருவாகியிருக்காது. அந்தக் குழந்தைக்கு நள்ளிரவு விமானமும் நண்பகல் விமானமும் ஒன்றுதான். தாய்க்கு மட்டுமே வேறுபாடு. நான்கு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரமும், ஒன்று முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் பகல் தூக்கம் உட்பட உறங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இவர்களில் இரவு விமானத்தை மிக மோசமாகத் தாங்குவது ஒன்றிலிருந்து இரண்டரை வயதுப் பருவம். நடக்கத் தெரியும், கட்டிப்போட்டால் பொறுக்காது, காரணம் சொன்னால் புரியாது, பாசினெட்டில் கால் நீட்ட இடமிருக்காது. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தனி இருக்கையும் கொஞ்சம் புரிதலும் வந்துவிடுவதால், பகலில் பத்து மணி நேரம் அதைச் சமாளிப்பதைவிட இரவு விமானமே எளிது. ஏறும்போது இருக்கும் உற்சாகம் அடங்கினால் பெரும்பாலும் இறங்கும்வரை உறங்கிவிடும்.

பயண நீளம் பற்றிய பொதுக் கருத்து ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. பத்து மணி நேர விமானத்தைவிட நான்கு மணி நேர விமானம் குழந்தைக்கு லேசானது என்று தோன்றும். பகலில் அது சரி. இரவில் நேர்மாறு. பதினொரு மணிக்குச் சென்னையில் ஏறி நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கும் பிள்ளைக்கு, ஏற்றம், உணவு, அறிவிப்புகள், இறக்கம் எல்லாம் போக இரண்டரை மணி நேரத் தூக்கம் மிஞ்சினால் அதிகம். அங்கே விடியற்காலை ஆகியிருக்கும், பிள்ளையின் உடம்புக்கோ அப்போது நடுநிசி தாண்டிய மூன்று மணி. வளைகுடா விமானத்தில் இரவே விமான நிலைய வரிசைகளில் கழிந்துவிடுகிறது. பிராங்ஃபர்ட் விமானத்திலாவது விளக்கணைத்த ஆறேழு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கும். பகல் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருப்பது சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போன்ற குறுந்தடங்களில்தான். கட்டணம் சற்றுக் கூடினாலும் சிறு குழந்தைக்கு அங்கே பகலே ஏற்றது. இழந்த தூக்கம் நிலையான தீங்கு எதையும் விட்டுச் செல்வதாகச் சொல்ல முடியாது. உயிர்க்கடிகாரம் புதிய ஊருக்குப் பழக, ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற பெரியவர்களின் கணக்கு பிள்ளைகளுக்கும் உத்தேசமாகப் பொருந்தும். காலை வெயிலில் விளையாடவிடுவது அதை விரைவுபடுத்தும்.

இனி உடன் பயணிகளின் கேள்வி. விமான நிறுவனங்கள் இதற்கு வணிக முறையில் விடை தேடியிருக்கின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் 2012-இல் தன் ஏ380 விமானத்தின் மேல்தளச் சிக்கன வகுப்பைக் குழந்தைகளற்றதாக வைத்தது. 2013-இல் ஏர்ஏசியா எக்ஸும் ஸ்கூட்டும் அமைதி வரிசைகளை அறிமுகப்படுத்தின. 2016-இல் இண்டிகோ, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லாத சில வரிசைகளை ஒதுக்கியது. கோரெண்டான் நிறுவனம் 2023-இல் ஆம்ஸ்டர்டாம்–குரசாவ் தடத்தில் பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கான பகுதியைத் தனிக் கட்டணத்துக்கு விற்கத் தொடங்கியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் வேறு வழியில் போனது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையோடு பதிவுசெய்த இருக்கைகளைத் தன் இருக்கை வரைபடத்தில் அடையாளமிட்டது, தள்ளி உட்கார விரும்புகிறவர் தள்ளி உட்காரலாம். யாரையும் விலக்காமல் தகவலை மட்டும் தருவதால் இந்தக் கடைசி ஏற்பாடு மற்றவற்றைவிட நியாயமானது. குழந்தையின் அழுகை நான்கைந்து வரிசைகளில் நின்றுவிடுவதில்லை என்பதால் மற்ற ஏற்பாடுகள் அமைதியைவிட அமைதியின் பெயரையே விற்கின்றன என்றும் சொல்லலாம். குழந்தைகளை இரவு விமானத்திலிருந்து முற்றாக விலக்க எந்தப் பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. பகல் விமானமே இல்லாத தடங்களில் அப்படிச் செய்தால் குடும்பங்களின் பயணமே நின்றுபோகும்.

ஆனால் உடன் பயணிகளின் முகச்சுளிப்பு குழந்தையின் உடல்நலத்தைத் தொடும் ஓரிடம் உண்டு. நாலு பேர் முன்னால் குழந்தை அழுதுவிடுமோ என்ற அச்சத்தில் பெற்றோர் தூக்க மருந்தை நாடுகிறார்கள். சளி மருந்துகளில் உள்ள டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், குளோர்பெனிரமின் போன்றவை மயக்கம் தருபவை. ‘ஒரு மூடி குடுத்தா தூங்கிடும்’ என்ற யோசனை உறவினர் வட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும். இது வேலை செய்கிறதா என்பதே ஐயம். ஆறு முதல் பதினைந்து மாதம் வரையுள்ள 44 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான சோதனையில், டைபென்ஹைட்ரமின் பெற்ற 22 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் இரவுத் தூக்கம் மேம்பட்டது. வெறும் இனிப்பு நீர்மம் போன்ற போலி மருந்து பெற்ற 22-இல் மூன்றுக்கு மேம்பட்டது. பயனில்லை என்று கண்டு சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினர். சில பிள்ளைகளுக்கு இம்மருந்துகள் மயக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைத் தரும். முப்பதாயிரம் அடி உயரத்தில் அது தெரியவந்தால் திருப்பி எடுக்க வழியில்லை. மூச்சு ஒடுங்கும் அபாயத்துக்காக இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புரோமெத்தசின் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. குளோர்பெனிரமினும் பீனைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது.

மூச்சுத் தடைபடும்போது உறங்கும் குழந்தை திடுக்கிட்டுத் தலையைத் திருப்பும், சிணுங்கும், விழித்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த அறையில், அசந்துபோன ஒருவரின் மடியில், இருட்டில் கிடக்கும் குழந்தைக்கு அந்தத் திடுக்கிடல்தான் கடைசிக் காப்பு. தூக்க மருந்து முதலில் மழுங்கடிப்பது அதைத்தான்.